சக்கர நாற்காலியா, மலசலகூடமா, மாதாந்த உதவியா? முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு ஊர் எதைக் கொடுக்கலாம்

சென்ற மாதம் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் போன் எடுத்தார். ஊரில் ஒரு தம்பி பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டு எட்டு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கனடாவில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு தொகை அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணன், நல்ல வீல்செயார் ஒன்று வாங்குவமா, இல்லாட்டி ஒரு கடை போட்டுக் குடுப்பமா?" என்று கேட்டார். இரண்டு கிழமைக்கு முன் ஏறக்குறைய இதே கேள்வியைக் கிண்ணியாவில் ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தினர் கேட்டிருந்தார்கள். அதற்கு முன் உப்புவெளியில் ஒரு அக்கா, தன் சொந்தத் தம்பிக்காக.

நான் டொக்டர் இல்லை. 2012இல் என் அத்தான் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தார். நெஞ்சுக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து அக்கா வீட்டில் பார்த்ததும், பிறகு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நிலாவெளி தொடக்கம் தம்பலகாமம் வரை வீடு வீடாகப் போய்ப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தவை. கொடுக்க மனமுள்ளவர்கள் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கொடுத்த பணம் பிழையான இடத்தில் விழுந்து, ஆள் மோசமானதையும் கண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

முள்ளந்தண்டு வடம் அடிபட்டவர் என்றால் "நடக்க முடியாதவர்" என்றுதான் ஊர் நினைக்கிறது. நடை போனது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போனவை வேறு: தோலின் உணர்ச்சி, சலம் மலம் போகும் கட்டுப்பாடு, காயம் மேலே என்றால் வியர்வையும் இரத்த அழுத்தமும்கூட. ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் இவைதான். படுக்கைப்புண் ஆழமாகிக் கிருமி இரத்தத்தில் ஏறும், அல்லது சலம் தேங்கிச் சிறுநீரகம் கெடும்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற டொக்டர் பொறுப்பெடுத்தபோது, இப்படி அடிபட்டவர்கள் அதிக காலம் இருக்கமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவர் பிடிவாதமாகச் செய்யவைத்த முதல் வேலை, இரவு பகல் பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை ஆளைத் திருப்பிப் போடுவது. சலப்பையையும் அதே கண்டிப்போடு கவனிக்க வைத்தார். இன்றைய பராலிம்பிக் விளையாட்டுகள் அந்த வார்டில் இருந்துதான் வளர்ந்தன. விளையாட்டுக்கு முன்னால் தோல் காப்பாற்றப்பட்டிருந்தது.

ஆகவே எந்த உதவியையும் நான் நாலு கேள்வியால் அளப்பேன்.

தோலையும் சலப்பையையும் இது காக்குமா? இதனால் வரும் வேலை யார் தலையில் விழுகிறது? (விடை அநேகமாக ஒரு அம்மா அல்லது ஒரு மனைவி.) பணம் அனுப்பியவர்களுக்கு ஆர்வம் குறைந்த மூன்றாம் வருடத்திலும் இது நிற்குமா? இதைக்கொண்டு அவர் வாசற்படியைத் தாண்டுவாரா?

நாலும் ஒரே எடை இல்லை. முதலாவது விழுந்தால் மற்ற மூன்றையும் பேசிப் பயனில்லை.

அவசரமாக முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு சுருக்கம்:

| வழி | தோல், சலப்பை | வேலை யார் தலையில் | மறைந்திருக்கும் செலவு | எப்போது முதலிடம் |
|---|---|---|---|---|
| சக்கர நாற்காலி | மெத்தையோடு, அளவாக வந்தால் காக்கும்; இல்லாவிட்டால் புண் தரும் | தள்ளுபவர் | மெத்தை, டயர், பழகுதல் | புண் இல்லை, வாசல் அகலம் என்றால் |
| வீட்டைத் திருத்துவது | மலசலகூடம் வழியாக நிறையக் காக்கும் | குறையும் | வாடகை வீடு, மழைக்காலம் | சொந்தக் காணி உள்ளவருக்கு |
| மாதாந்தப் பொருளும் வீட்டுக்குப் போகும் குழுவும் | மிக அதிகம் | பகிரப்படும் | விடாமல் போவதற்கான ஆள் | வீடு திரும்பிய முதல் இரண்டு வருடம் |
| பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது | அதிகம் | இல்லத்துக்கு | பிரிவு, திரும்பி வர இடம் | ஆழமான புண், பார்க்க ஆளில்லாமை |
| தொழில் | சிலவேளை கெடுக்கும் | வீட்டுப் பெண்கள் | கடன், சாமான் எடுத்தல் | உடல் நிலைத்த பிறகு |

## சக்கர நாற்காலி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கொடுக்கும்போது படம் எடுக்கலாம், கணக்குக் காட்டலாம். அதில் பிழையில்லை, பணம் அனுப்பியவர்களுக்கு ஏதாவது காட்டத்தானே வேண்டும்.

அத்தானுக்கும் ஒரு விழாவில்தான் கிடைத்தது. மாலை போட்டு, பெயர் வாசித்து, பளபளவென்று ஒரு நாற்காலி. வைத்தியசாலைகளில் நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் தள்ளிப்போக வைத்திருக்கும் மடிக்கிற வகை. இருக்கை வெறும் ரெக்சின். அதற்கு மேல் போட மெத்தை வேண்டும் என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சந்தோஷத்தில் அவர் காலையிலிருந்து பின்னேரம் வரை அதிலேயே இருந்தார். ஆறாம் கிழமை அக்கா குளிக்க வார்க்கும்போது கண்டாள், இருக்கும் எலும்பு முட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கறுத்துப்போய் இருந்தது. அந்தப் புண் ஆறும்வரை ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தார். நாற்காலி சுவரோடு சாய்ந்து நின்றது.

உலக சுகாதார அமைப்பு 2008இல், வசதி குறைந்த நாடுகளில் சக்கர நாற்காலி கொடுப்பது பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, பாவிக்கப் பழக்குவது, பிறகும் போய்ப் பார்ப்பது எல்லாம் நாற்காலியோடு சேர்ந்த சேவை என்று அது சொல்கிறது. உணர்ச்சி இல்லாதவருக்கு அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை கட்டாயம். 15 தொடக்கம் 30 நிமிடத்துக்கு ஒருதடவை கையை ஊன்றி எழும்பி, அல்லது முன்னால் குனிந்து, ஓரிரு நிமிடம் எடையை எடுக்கப் பழகவும் வேண்டும்.

அப்புறம் எங்கள் மண். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க மணல். சாதாரண நாற்காலியின் முன்பக்கச் சின்னச் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தால் பின்னால் நிற்பவர் தூக்கத்தான் வேண்டும். முன்னால் ஒரே பெரிய சக்கரம் வைத்த நீண்ட மூன்றுசக்கர வகை மணலிலும் கிரவல் றோட்டிலும் நன்றாகப் போகும். ஆனால் அது சின்ன வீட்டுக்குள் திரும்பாது, ஆட்டோவில் ஏற்றுவதும் கஷ்டம். டவுனில் சீமெந்துத் தரை வீட்டில் இருப்பவருக்கும் மணற்காணிக்காரருக்கும் ஒரே நாற்காலியை மொத்தமாக இறக்குமதி செய்து கொடுப்பது, எல்லாருக்கும் ஒரே அளவுச் செருப்பு வாங்குவது போலத்தான்.

இது முதலிடம் பெறுவது: தோலில் புண் இல்லை, பிசியோ அளவு எடுத்துவிட்டார், மெத்தைக்கும் பணம் இருக்கிறது, வாசல் அகலம் போதும். நாலும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நாற்காலிக்குப் பணம் இருந்து மெத்தைக்கு இல்லையென்றால், மலிவான நாற்காலியையும் நல்ல மெத்தையையும் வாங்குங்கள்.

## வீட்டைத் திருத்துவது

எங்கள் வீடுகளில் மலசலகூடம் வளவின் மூலையில், கிணற்றடியைத் தாண்டி இருக்கும். இருபத்தைந்து யார் மணல், இரண்டு படி, 30 அங்குலக் கதவு, உள்ளே குந்தும் கோப்பை. நாற்காலியில் இருப்பவருக்கு அது வேறு நாடு. கதவு 32 அங்குலமாவது திறந்து கிடைக்க வேண்டும். 36 என்றால் கை சிராயாது. நாற்காலி முழுக்கத் திரும்ப ஏறக்குறைய ஐந்து அடி வட்டம் தேவை.

சாய்தளத்தில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். கணக்கு 1:12. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வெள்ளத்துக்குப் பயந்து 18 அங்குலம் உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு 18 அடி வேண்டும். மேசன்மார் இடத்தைப் பார்த்து ஆறு அடியில் முடித்துவிடுவார்கள். அதில் ஏறுவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது ஆள் முன்னால் விழுவார். முற்றம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் வைத்துத் திருப்பிக் கட்டலாம். மாரியில் பாசி பிடிக்கும், ஆகவே மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள்.

இந்தச் செலவில் எனக்கு மிகவும் பிடித்தது, அறையோடு சேர்த்துக் கட்டும் மலசலகூடம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு மலம் போவதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே நேரத்தில், தினமும் அல்லது ஒன்றுவிட்ட ஒருநாள், சிலருக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அதைக் கொமட்டில், கதவு சாத்திய அறையில் செய்ய முடிந்தால் அவர் பிறகு நாள் முழுக்கத் தைரியமாக வெளியே போவார். திரை கட்டிய கட்டிலில், பிள்ளைகள் படிக்கும் அறையிலேயே செய்ய வேண்டி வந்தால், ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டையே குறைத்துக்கொள்வார். கண்டிருக்கிறேன். பெண் என்றால் இது இன்னும் பலமடங்கு. பாதிக்கப்பட்ட பெண்களை நாங்கள் வெளியில் காண்பதே குறைவு. காரணங்களில் ஒன்று இந்தக் கதவு.

கட்ட முன்பு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் அரச உதவித் திட்டங்கள் உண்டு. ஊர்ப் பணத்தை அதற்கு மேல் வைத்தால் இரண்டு வீட்டுக்குக் காணும். வாடகை வீடு, அல்லது உறுதி இல்லாத காணி என்றால் நிரந்தரமாக எதையும் கட்டாமல், கழற்றக்கூடிய பலகைச் சாய்தளமும் ஓட்டை வைத்த கொமட் கதிரையும் போதும்.

## மாதாந்தப் பொருளும் வீட்டுக்குப் போகும் குழுவும்

சலப்பையைக் காலியாக்க நல்ல வழி, நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை மெல்லிய டியூப்பைப் போட்டு எடுத்துவிடுவது. 1972இல் ஜாக் லபிடிஸ் என்ற அமெரிக்க டொக்டர், இதற்கு ஒப்பரேஷன் தியேட்டர் போன்ற கிருமியற்ற நிலை தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கழுவிய சுத்தமான கை போதும் என்று காட்டினார். கை வேலை செய்பவர் தானே பழகிக்கொள்ளலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒருநாளைக்கு நாலு முதல் ஆறு தடவை என்றால் மாதம் 120 முதல் 180 தடவை. நிரந்தரமாகப் போட்டுவைக்கும் டியூப் என்றால் குறித்த திகதியில் மாற்ற வேண்டும். நாள் பிந்தினால் அடைக்கும். இதோடு சலப் பை, கையுறை, பம்பர்ஸ், மருந்து கட்டும் துணி. குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிக்கான அரச மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தோடு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகியது. பெரிய உதவிதான். ஆனால் வீட்டில் வேறு உழைப்பு இல்லையென்றால் அது முதலில் அரிசிக்குத்தான் போகும், டியூப்புக்குப் போகாது.

ஆகவே ஊர்ப் பணத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்கு. மாதம் ஒருதடவை ஒரு பெட்டி. பெட்டியோடு ஆள்.

ஆள் ஏன் என்றால், பொருள் மட்டும் போனால் புண் தெரியவராது. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒரு தாதி இருக்கிறார். அவர் போனதும் முதலில் கேட்பது கண்ணாடி. காலையும் இரவும் கண்ணாடி வைத்து முதுகின் அடிப்பகுதி, இருக்கும் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிக்கால் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தத்தை எடுத்த பிறகும் வெளிறாமல் இருந்தால் அன்றே அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குழு வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இன்னொன்று உயிர் காக்கும் விஷயம். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை வெடிப்பது போல் தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் ஏறுதல் வரலாம். அநேகமாகக் காரணம் கீழே இருக்கும்: டியூப் மடிந்து சலம் தேங்கியது, மலம் இறுகியது. படுத்திருப்பவரை உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கிய உடுப்பைத் தளர்த்தி, டியூப்பைப் பார்க்க வேண்டும். தணியாவிட்டால் நேரே வைத்தியசாலை. பனடோல் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் செய்வது, அதுதான் செய்யக்கூடாதது.

எங்கள் காலநிலைக்கும் ஆள் தேவை. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது, கழுத்தில் அடிபட்டவருக்கு உடம்பு வியர்க்காது. சூடு உள்ளேயே ஏறும். ஈரத்துணியும் விசிறியும் அவருக்கு மருந்து. மின்சாரத்தில் ஓடும் காற்று மெத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் 2022இல் நீண்ட மின்வெட்டு வந்தபோது என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். காற்று இறங்கி, ஆள் வெறும் பலகையில் கிடந்தார். மெத்தை கொடுத்தால் ஒரு நல்ல தடித்த பஞ்சு மெத்தையையும் சேர்த்துக் கொடுங்கள்.

குழுவில் நிச்சயம் இருக்க வேண்டியவர், ஏற்கனவே பல வருடம் நாற்காலியில் இருக்கும் ஒருவர். நான் நூறு தடவை சொன்னாலும் ஏறாத விஷயம், அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தன் கையாலேயே தாவிக் காட்டும்போது ஏறும். வடக்கில் மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. திருகோணமலையில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு இரண்டு பேர் இப்படிப் பழகி, புதிதாக அடிபட்டவர் வீடு திரும்பும் கிழமையே போய்ப் பார்த்தால் எவ்வளவோ மாறும். அவர்களுடைய ஆட்டோக் காசை ஊர் கொடுக்கட்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்தான் போகவேண்டும் என்பதையும் முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது அலுக்கும். முதல் நாலு மாதம் பன்னிரண்டு பேர் வருவார்கள், வருட முடிவில் மூன்று பேர். பணத்தைவிட இந்த மூன்று பேர்தான் அரிது. ஆகவே புதிதாக ஒரு சங்கம் தொடங்காமல், ஏற்கனவே மாதம் தவறாமல் கூடும் மரணாதாரச் சங்கத்தோடோ மாதர் சங்கத்தோடோ இந்த வேலையை இணைத்துவிடுவது நல்லது. ஐந்து வீட்டுக்கு மேல் ஒரு குழுவுக்குக் கொடுக்காதீர்கள்.

## இல்லத்தில் சேர்ப்பது

இரண்டு விஷயத்தை ஊர் ஒன்றாகக் குழப்புகிறது. ஒன்று, குறித்த காலத்துக்குப் போய்ப் பழகி வரும் புனர்வாழ்வு. ராகமையில் உள்ள அரச புனர்வாழ்வு வைத்தியசாலை இதற்கானது. இந்த வாய்ப்புக் கிடைத்தால் விடவே கூடாது. கொழும்பு போகும் இரவு ரயில் ராகமை வழியாகத்தான் போகிறது என்றாலும் நாற்காலியில் இருப்பவரை அதில் ஏற்றுவது லேசல்ல, வேன்தான் பிடிக்க வேண்டும். சிகிச்சை இலவசம், துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, அவர் உழைக்காமல் இழக்கும் கூலி, வேன் காசு இலவசம் இல்லை. ஊர்ப் பணம் இங்கே மிகச் சரியாகப் பொருந்தும்.

மற்றது, நீண்டகாலமாகக் கொண்டுபோய் விடுவது. ஆழமான புண் ஆறும்வரை, அல்லது பார்த்த தாய் இறந்து வேறு ஆளில்லாமல் போனால், நல்ல இல்லம் ஒரு உயிரைக் காக்கும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஆறு மாதத்தில் வீடு அவர் இல்லாமல் வாழப் பழகிவிடும். அவர் அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். அனுப்பும் நாளிலேயே திரும்பும் திகதியையும், அதற்குள் வீட்டில் முடிக்க வேண்டிய வேலையையும் எழுதி வையுங்கள்.

## கடை, ஆடு, தையல் மெஷின்

உழைப்பு மனிதரை நிமிர்த்தும். அத்தான் இன்று போன் திருத்துகிறார், அவர் முகமே வேறு. ஆனால் அது அடிபட்டு நாலாம் வருடம்தான் வந்தது.

அவசரப்பட்டால் என்ன நடக்கும்? கடை என்றால் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை இருக்கை, எடையை எடுக்க நேரமில்லை, புண். சலம் போகும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார், கிருமி. சாமான் எடுக்கப் போவது மனைவி, சொந்தக்காரருக்குக் கடன் இல்லை என்று சொல்ல முடியாமல் நிற்பது அவர். ஆடு கொடுத்தால் இன்னும் அநியாயம். ஆட்டுக்குப் பின்னால் ஓடுவது யார்? ஏற்கனவே இரவில் நாலு தடவை எழும்பித் திருப்பிப் போடும் பெண்தான். அறிக்கையில் "பயனாளி" என்று அவர் பெயர் இருக்கும், வேலை இவளுடையது.

ஒரு வருடம் புண் இல்லாமல் இருந்திருக்கிறார், சலப்பை ஒழுங்குக்கு வந்திருக்கிறது, தொழிலை அவரே சொல்லிக் கேட்கிறார் என்றால் தாராளமாகக் கொடுங்கள். முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுக்காமல் பாதியை வைத்திருந்து, ஆறாம் மாதம் சாமான் குறையும்போது கொடுத்தால் கடை நிற்கும்.

## மூதூர்த் தம்பிக்கு

தலைவரிடம் எதையும் வாங்க வேண்டாம், முதலில் போய்ப் பார்ப்போம் என்றேன். தாதியும் வந்தார். தம்பியைத் திருப்பினால், முதுகின் அடியில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண். டியூப் மாற்ற வேண்டிய திகதி பன்னிரண்டு நாள் கடந்திருந்தது. எட்டு மாதத்தில் அவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பழங்களோடுதான் வந்திருக்கிறார்கள்.

கனடாப் பணத்தை இப்படிப் பிரித்தோம். கிளினிக்குக்குப் போகவர ஆட்டோ, தடித்த மெத்தை, மாதாந்தப் பெட்டி ஒரு வருடத்துக்கு. அறையின் பின்சுவரை உடைத்து ஒரு மலசலகூடம். அரைவாசிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் போட்டாயிற்று. நாற்காலி, புண் ஆறி அளவெடுத்த பிறகு. கடை பற்றி அடுத்த வருடம் அவனையே கேட்போம்.

வெளிக்கிடும்போது தாய் படலைவரை வந்தார். "தம்பி, இதெல்லாம் சரி. இரவில ஒருநாளைக்காவது ஆராவது வந்து அவனைத் திருப்பிப் போடுவீங்களா? எட்டு மாசமா நான் ஒரு முழு இரவு நித்திரை கொள்ளயில்லை" என்றார். இதற்கு எங்கள் பட்டியலில் ஒரு வரிகூட இருக்கவில்லை. தலைவர் அந்த இடத்திலேயே நின்று இரண்டு பொடியன்மாருக்குப் போன் எடுத்தார். இப்போது சனிக்கிழமை இரவுகளில் அவர்கள் போய்ப் படுக்கிறார்கள், மணிக்கூட்டில் அலாரம் வைத்துக்கொண்டு.